வாக்கிங்

மகன் கொரியாவிலிருந்து கட்டிக்கொண்டு வந்த மருமகள், என்னைப் பார்த்துக்கொண்டே அவனிடம் அவள் பாஷையில் ஏதோ சொல்வாள். அவன் சிரிப்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"வாக்கிங் போறேன்" என்று சொல்லிவிட்டு, ஒரு வருஷமாகக் கொரியப் பண்பாட்டுக் கழகத்துக்குப் போகிறேன். எழுத்து, காகித விளக்கு, மேளம் என்று எல்லாம் கற்று, ஆண்டு விழாவில் மேடைகூட ஏறிவிட்டேன்.

இப்போது அவர்கள் பேச்சு புரிகிறது. ஆனால், "இன்று வெயில் அதிகம். சோறு நன்றாக இருக்கிறது" என்று பாடப்புத்தகம் மாதிரியே பேசுகிறார்கள். அப்படியானால் என்னைப் பற்றிய பேச்சை எங்கே வைத்துக்கொள்கிறார்கள்?

இன்று சமையலறையில் மிக்சியை ஓடவிட்டு, அவர்கள் அறைக் கதவோரம் போய் நின்றேன்.

"அத்தைக்குத் தெரியவே கூடாது" என்று கொரிய மொழியில் பல்லைக் கடித்தாள் மருமகள்.

வீட்டை விற்கப்போகிறார்களோ?

"அவங்க முன்னாடி மெதுவாப் பேசுங்கன்னு எத்தனை தடவை சொல்றது? கடகடன்னு பேசினா பாவம், எப்படிப் புரியும்? மேடையில அவங்க மேளம் அடிச்சதை நான் கடைசி வரிசையில இருந்து பார்த்தேன்னு உளறி வைக்காதீங்க. வெக்கப்பட்டுக்கிட்டு கிளாஸுக்கே போகமாட்டாங்க!"

ஓசைப்படாமல் போய் மிக்சியை நிறுத்தினேன்.

"வாக்கிங் போயிட்டு வரேன்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டேன்.