ஏழரை மணிச் சத்தம்

கதவைத் தட்டுவது ஸ்பீக்கரக்காதான் என்று தெரிந்ததும் டெய்லரம்மா தாழ்ப்பாளில் வைத்த கையை எடுத்துவிட்டாள். புது டிவி சுவரில் ஏறி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பேசாமல் இருந்துவிடலாமா? காதுதான் கேட்காதே, உள்ளே ஆள் நடமாடுவது எங்கே தெரியப்போகிறது!

ஸ்பீக்கரக்கா என்பது அந்தக் குடியிருப்பே சேர்ந்து வைத்த பேர். அடுத்த வீட்டுக்காரி, ஐம்பத்தைந்து வயது, தனிக்கட்டை. சாயங்காலம் ஏழரைக்குத் தொடர் ஆரம்பித்தால் மாடிப்படி வரைக்கும் வசனம் கேட்கும். டமாரச் செவிடு என்று எல்லாரும் திட்டினார்கள். டெய்லரம்மாவும் கூடச் சேர்ந்து திட்டினாள்.

ஆனால் அந்தச் சத்தம்தான் அவள் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

அவள் வீட்டுப் பழைய குண்டு டிவி கண்ணை மூடி எட்டு மாதம். ரிப்பேர்க்காரர் பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்து, "இதுக்கு இனிமே பார்ட்ஸ் கிடைக்காதும்மா, தூக்கிப் போட்டுடுங்க" என்று கையை விரித்துவிட்டார். புதுசு வாங்க வக்கில்லை. பழசைத் தூக்கிப் போட்டாலோ நாலு பேருக்குத் தெரிந்துபோகும். பூப்போட்ட துணியைப் போர்த்தி, அது பாட்டுக்குக் கூடத்தில் உட்காரட்டும் என்று விட்டுவிட்டாள்.

துணி தைக்க வரும் பெண்கள் சும்மா இருப்பார்களா? அளவு எடுக்கும்போதே ஆரம்பித்துவிடுவார்கள், "நேத்து பாத்தீங்களா, என்னமா அழுதா!" என்று. டிவி செத்துப்போச்சு என்று சொல்ல டெய்லரம்மாவுக்கு வாய் வராது. தையல் மிஷினை நடுச்சுவர் ஓரமாக நகர்த்திப் போட்டாள். ஏழரை ஆனதும் மிதிப்பதை நிறுத்திவிட்டு, சுவரில் காதை வைத்துவிடுவாள். மறுநாள் அத்தனையும் அட்சரம் பிசகாமல் ஒப்பிப்பாள்.

ஒருநாள் வசமாக மாட்டிக்கொள்ள இருந்தாள். பளாரென்று அறை விழுந்தது கேட்டது. யார் கன்னத்தில் என்று சுவர் சொல்லவில்லை.

"மாமியார்தானே அடிச்சா?" என்று மறுநாள் துணி கொடுக்க வந்த பெண்களிடம் எடுத்துவிட்டாள்.

"ஐயோ, மாமியாருக்குத்தான் விழுந்துச்சு! தூங்கிட்டீங்களா?" என்று அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இவளும் சிரித்துவைத்தாள். காது மடலெல்லாம் சுட்டது.

படிக்கட்டில் ஸ்பீக்கரக்கா எதிரே வந்தால் திருடி மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு போவாள். அக்கா விடமாட்டாள். "மிஷினுக்கு எண்ணெய் விடும்மா. ரெண்டு நாளா கீச்சுகீச்சுங்குது."

"சரிக்கா!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்திவிட்டு நழுவிவிடுவாள்.

போன மாதம் அசோசியேஷன் செக்ரட்டரி புகார் எழுதிய தாளோடு வந்து நின்றார். "சுவரை ஒட்டின வீடு உங்களுது. நீங்க கையெழுத்துப் போடலன்னா இதுக்கு மதிப்பே இல்லம்மா."

மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார். கேட்டால் என்னத்தைச் சொல்வது? முதல் கையெழுத்தே டெய்லரம்மாவுடையதுதான்.

அன்றைக்கே செக்ரட்டரி நடுப்படிக்கட்டில் வைத்து அக்காவைப் பிடிபிடியென்று பிடித்தார். "இன்னொரு புகார் வந்துச்சு, ஹவுஸ் ஓனர்கிட்ட சொல்லிக் காலி பண்ண வெச்சிடுவேன்!"

"காது கொஞ்சம் மந்தம் தம்பி, மன்னிச்சுக்குங்க" என்று அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். கதவிடுக்கில் நின்று பார்த்த டெய்லரம்மாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. தன்னைவிட வயதில் மூத்தவளை இப்படி நிறுத்திவிட்டோமே என்று தன்னையே வெறுத்தாள்.

அன்று ஏழரைக்கு அக்கா வீட்டு ஜன்னல்கள் ஒன்றுவிடாமல் மூடிக்கொண்டன. சத்தம் மட்டும் குறையவில்லை. வெட்கங்கெட்டுப்போய் இவளும் சுவரில் காதை வைத்தாள்.

அப்புறம்தான் ஒரு பள்ளிக்கூட யூனிபார்ம் ஆர்டர் வந்தது. கண் எரிய எரியத் தைத்து, இதோ, தட்டை டிவி! பழசைத் தூக்கிப்போக வந்தவர்களிடம்கூட, "நல்லா ஓடிட்டிருந்ததுதான், அலுத்துப்போச்சு" என்று ஒரு பொய்யைச் சொல்லித்தான் அனுப்பினாள். இனி யார் வீட்டுச் சுவரும் அவளுக்கு வேண்டாம்.

கதவு மறுபடி தட்டப்பட்டது. வருவது வரட்டும் என்று திறந்தாள்.

"புது டிவி வந்திருக்காமே! ஒரு எட்டுப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்று சிரித்தபடி உள்ளே வந்தாள் அக்கா. முகத்தில் கோபத்தின் சாயல்கூட இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட டெய்லரம்மாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அக்கா திரை முன்னால் நின்று வாய் நிறையப் பாராட்டினாள். "அடேங்கப்பா! தொட்டா கையில வந்துடும் போல இருக்கே. மூஞ்சியெல்லாம் எவ்வளவு தெளிவா தெரியுது!"

"அக்கா... அந்தப் புகார்ல..." டெய்லரம்மாவால் அதற்கு மேல் முடியவில்லை. இதைப் போய்ச் சத்தமாகச் சொன்னால் மொத்தக் குடியிருப்புக்கும் கேட்டுத் தொலைக்குமே.

அக்கா வாசல் பக்கம் யாராவது இருக்கிறார்களா என்று ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு கிட்டே வந்து அவள் தோளைத் தொட்டு, இதுவரை யாரும் கேட்டிராத மெல்லிய குரலில் கேட்டாள்:

"அப்ப, இனிமே நான் சத்தத்தைக் கொறச்சு வெச்சுக்கலாமில்லம்மா?"