வாய் திறக்காதவர்

"லைட்டை அடிச்சா வாய் திறந்துடுமா? யாரை ஏமாத்துறீங்க?"

பாலக்கரை கிளினிக்கில் ரஞ்சனி போட்ட சத்தத்தில், காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மேசைக்குப் பின்னாலிருந்த பெண் பதறிப்போனாள்.

"மெதுவா பேசுங்க மேடம். உங்கப்பாவுக்கு உள்ள ட்ரீட்மென்ட் நடந்துட்டிருக்கு. முடிஞ்சதும் சாரே வருவார்."

ரஞ்சனி உட்காரவில்லை. முதல் நாளிலிருந்தே அவளுக்கு இந்த இடத்தின் மேல் சந்தேகம்.

அப்பா பெரியண்ணன், கைலாசபுரம் தொழிற்சாலையில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். வாயில் வந்த புற்றுநோய் கதிர்வீச்சு சிகிச்சையில் போய்விட்டது. ஆனால் அந்தக் கதிர்வீச்சே தாடையை இறுக்கிவிட்டது. ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் வாய் திறந்தது. அம்மா இல்லாத வீடு. திருப்பூரில் கணவனோடு இருந்த ரஞ்சனி, அப்பாவுக்குக் கஞ்சி காய்ச்சித் தர ஸ்ரீரங்கத்துக்கு வந்து சேர்ந்தாள்.

புற்றுநோய் டாக்டர்தான் ஒளி சிகிச்சையைச் சொன்னார். "சிலருக்கு நல்லா கேட்குது. கூடவே வாய்க்குப் பயிற்சியும் செய்யணும். பார்ப்போமே."

கன்னத்திலும் கழுத்திலும் சிவப்பு வெளிச்சத்தைப் பாய்ச்சுவார்களாம். சுடாதாம், வலிக்காதாம். சுடாமலும் வலிக்காமலும் அப்படி என்ன வைத்தியம் என்று அவளுக்குப் புரியவே இல்லை.

மாதங்கள் ஓடின. அப்பாவுக்கு அதே கஞ்சிதான். பல்லைக் கடித்தபடி அதே பேச்சுதான். ஒருமுறை அவளும் சிகிச்சை அறைக்குள் போக எழுந்தபோது அப்பா தடுத்துவிட்டார்.

"நீ வராதம்மா. அந்த வெளிச்சம் கண்ணுக்கு ஆகாதாம். வேற யாரையும் உள்ள விடமாட்டாங்களாம்."

யாரும் பார்க்கக் கூடாத வைத்தியமா? அன்றிலிருந்து சந்தேகம் இரண்டு மடங்காயிற்று.

இன்று காலை கணவன் பிரவீன்ராஜ் போன் செய்திருந்தான். "உங்கப்பாவுக்கு வாய் திறந்துச்சா இல்லையா? சரியானதும் வந்துடறேன்னுதானே சொல்லிட்டுப் போனே? இங்க நான் ஓட்டல்ல சாப்பிட்டுட்டிருக்கேன்."

"இன்னும் திறக்கலைங்க. இன்னிக்கு நேர்லயே கேட்டுடறேன்."

போனை வைத்தவள் சேலைத் தலைப்பைத் தோளைச் சுற்றி இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அவனிடம் காட்ட முடியாத ஆத்திரம் முழுவதும் இப்போது கிளினிக்கின் மேல் இறங்கியிருந்தது.

உள்ளேயிருந்து சிகிச்சையாளர் கிளமென்ட் வந்தார். "என்னம்மா பிரச்சினை?"

"எங்கப்பாவுக்குத் துளிகூட குணமில்ல சார். அதான் பிரச்சினை."

"குணமில்லையா?" கிளமென்ட் அவளை விசித்திரமாகப் பார்த்தார். "மூணு விரல் போற அளவுக்கு வாயைத் திறக்கிறாரே! போன வாரம் கொய்யாப்பழத்தைக் கடிச்சுக் காட்டினார்."

"பொய்! காலையிலகூட ஸ்பூன் நுழையாம கஞ்சி சட்டையெல்லாம் ஒழுகுச்சு. இதுக்குத்தான் என்னை உள்ளேயே விடாம வச்சிருந்தீங்களா?"

"நாங்க எப்பம்மா விடமாட்டோம்னு சொன்னோம்? கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கிட்டுத் தாராளமா வரலாமே."

ரஞ்சனி ஒரு கணம் திகைத்தாள். ஆனாலும் விடவில்லை. "அப்படின்னா இப்பவே என் முன்னால திறந்து காட்டச் சொல்லுங்க."

உள்ளே, கறுப்புக் கண்ணாடியோடு சாய்வு நாற்காலியில் இருந்தார் பெரியண்ணன். மகளைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஐயா, வழக்கம்போல வாயைத் திறங்க" என்றார் கிளமென்ட்.

உதடுகள் மட்டும் விலகின. பல்வரிசை இறுகியே இருந்தது.

"ஐயா, முந்தாநாள் எவ்வளவு திறந்தீங்க! இப்ப ஏன் இப்படி?"

பெரியண்ணன் முடியாது என்று தலையை ஆட்டினார். கிளமென்ட்டின் முகம் வெளிறியது. வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண், "நாம வேற எடம் பார்ப்போங்க" என்று தன் கணவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

"பார்த்தீங்களா?" ரஞ்சனி போனை எடுத்தாள். "புகார் கொடுத்து இந்த இடத்தையே மூட வைக்கிறேன்."

பெரியண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். கிளமென்ட்டைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"வேணாம் ரஞ்சனி. நல்ல மனுஷர் மேல பழி போடாத."

குரல் தெளிவாக, முழுசாக வந்தது. வாயை அகலத் திறந்து மூன்று விரல்களை உள்ளே விட்டுக் காட்டினார்.

கிளமென்ட் வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

ரஞ்சனி அப்பாவின் எதிரே வந்து நின்றாள். "அப்ப இத்தனை நாளும் நடிச்சீங்களா? விடியக்காலையில எழுந்து நான் கஞ்சியை வடிகட்டி வடிகட்டிக் கொடுத்தேனே, அதைக் குடிச்சுக்கிட்டே ஏமாத்தினீங்களா?"

அவர் கழற்றிய கண்ணாடியை மடித்து ஓரமாக வைத்தார்.

"தனியா இருக்க பயமா? சமைச்சுப் போட ஆள் வேணுமா? அதுக்காக என் குடும்பத்தை விட்டுட்டு நான் இங்கயே கிடக்கணுமா? சொல்லுங்கப்பா!"

பெரியண்ணன் அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"எனக்கு வாய் திறந்துட்டா நீ திருப்பூருக்கு பஸ் ஏறிடுவியேம்மா" என்றார். "நீ வந்த மறுநாள் அசந்து தூங்கிட்டிருந்தப்ப, உன் தோள்ல வரிசையா சிகரெட்டால சுட்ட தழும்பைப் பார்த்துட்டேன்."