நனைக்காத லினன்

"நனைக்காமலா வெட்டினே? லினன்டி இது! ஒரு தடவை தண்ணியில விழுந்தா முழங்காலுக்கு ஏறிடும்."

தையல்கார அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். பகலெல்லாம் பள்ளிச் சீருடையாகத் தைத்துக் கண் பூத்துப் போயிருந்தது. சற்று முதுகைச் சாய்க்கலாம் என்று பார்த்தால், கீழ் வீட்டுக்காரி துணியும் கையுமாக வந்து, "மெஷினை மட்டும் குடுங்கக்கா, நானே தைச்சுக்கிறேன்" என்று உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஆயா வேலை; அது முடிந்து நேரே வந்திருந்தாள். சாப்பிட்ட முகமாகத் தெரியவில்லை.

"எங்கே பிடிச்சே இந்தத் துணியை?"

"திரைச்சீலைக் கடையில மிஞ்சின துண்டுக்கா. எடை போட்டுக் குடுத்தாங்க."

"அதானே பார்த்தேன். யாருக்கு, உன் பொண்ணுக்கா?"

"இல்லக்கா, தெரிஞ்ச பொண்ணு. லினன் கவுன் போடணும்னு ரொம்ப ஆசைப்பட்டா. நாளைக்குக் காலைல வேணும்."

"ஆசை சரி, துணி எங்கே? முன்பக்கமும் ரெண்டு கையும்தான் வரும். முதுகுக்கு என்ன பண்ணுவே?"

"முதுகு வேணாம்க்கா. ரெண்டு நாடா வெச்சுக் கட்டிடலாம்."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "ஓஹோ, இப்ப அதுதான் பேஷனா? முன்னால மகாராணி, பின்னால காத்தோட்டம்! பெத்தவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

கீழ் வீட்டுக்காரி மெஷினை வேகமாக மிதித்தாள். தையல் கோணிக்கொண்டு போயிற்று.

"தள்ளு, தள்ளு. என் பிழைப்பையே உடைச்சிடுவே போலிருக்கு."

முணுமுணுத்துக்கொண்டே அக்கா உட்கார்ந்தாள். அவளுக்கு வாய்தான் ஊசி. ஒருத்தி கஷ்டப்படும்போது பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும் பழக்கத்தை மட்டும் கடவுள் அவளுக்குக் கொடுக்கவில்லை.

"உள்ளே துணியே விடலையே. நாளைக்கு அவ கொஞ்சம் பெருத்தா, பிரிச்சு விட வழியிருக்கா?"

"பெருக்க மாட்டாக்கா."

"சுருங்கிப் போச்சுன்னா உன்னைத்தான் திட்டுவா."

"திட்ட மாட்டா."

களைத்துப்போன அந்தக் குரலில் இருந்த பிடிவாதம் அக்காவுக்கு எரிச்சலைக் கிளப்பியது.

"ஆசைப்பட்டுக் கேட்டவளுக்குக் குடுக்கிறது நாலு நாள் உழைக்க வேணாமா? இப்படி இழுத்துப் பிடிச்சுக் குடுக்கிறதுக்குக் குடுக்காமலே இருக்கலாம். சரி, காலைல அவளைக் கூட்டிட்டு வா. போட்டுப் பார்த்து, எங்கே இடிக்குதோ அங்கே சரி பண்ணித் தரேன்."

"அவளால வர முடியாதுக்கா." கீழ் வீட்டுக்காரி தரையில் கிடந்த நூல் பிசிறுகளைக் கையால் ஒதுக்கினாள். "எங்க வார்டுல இருந்தவ. போன வாரமே கண்ணை மூடிட்டா. சொந்தம்னு தேடி ஒரு ஆள் வரல. காலைல அடக்கம். ஆஸ்பத்திரிப் போர்வையில சுத்தி அனுப்ப எனக்கு மனசு வரல."

மெஷின் நின்றது.

அக்கா எழுந்து போனாள். அளவு பார்க்கும் மூலையில் தொங்கிய வெள்ளைத் திரையைக் கழற்றிக்கொண்டு வந்து, கத்தரிக்கோலை எடுத்தாள்.

"ஆண்டவன் முன்னால போய் நிக்கப் போற பொண்ணு. முதுகு வெச்சே தைப்போம்."