நாலாவது அசை

“கன்-க்ராச்-சு-லே-ஷன்ஸ். அழுத்தம் நாலாவதுல, ‘லே’யில வரணும்” என்றார் ஆபீஸ் நண்பர் அருள்மணி.

டெல்லி மெட்ரோவில் இடமிருந்தும் உட்காராமல் சுந்தரேஷ் சொல்லிப் பார்த்தான்.

“எடுத்ததுமே ‘கன்’னைப் போட்டு அடிக்கறீங்க. திட்டற மாதிரி இருக்கு.”

“ரிசல்ட் வந்ததிலேர்ந்து முகம் பார்த்துப் பேச முடியல சார். ரெண்டு பேரும் ஒரே பிரமோஷன் பரீட்சைதான் எழுதினோம். அவங்க பாஸ், நான் ஃபெயில்.”

“இன்னும் தள்ளிப் போட்டா பொறாமைன்னு நினைப்பாங்க.”

“பொறாமைதானே சார்!”

“இங்கிலீஷ் வரலைன்னா தமிழ்லயே சொல்லிடுங்களேன்.”

“தமிழ்ல சொன்னா அழுதுடுவேன்.”

மயூர் விஹாரில் இறங்கியவன், ‘லே... லே...’ என்று முணுமுணுத்தபடியே வேகமாக நடந்தான். கதவு முன்னால் நின்று சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான். அழைப்பு மணியை அழுத்தினான்.

புது ஆபீசர், கையில் தோசைத் திருப்பியோடு கதவைத் திறந்தாள்.

“கன்...” அதற்கு மேல் வரவில்லை.

“ஜல்தி உள்ள வாங்க, அடுப்புல தோசை இருக்கு” என்று திரும்பிய மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

“ஜெயிச்சுட்டியே அம்பிகா!” என்றான். குரல் உடைந்துவிட்டது.

அவள் அங்கேயே நின்றாள். உள்ளே தோசை கருகியது.