தொட்டிச் செடிக்கு மாத்திரை

‘எங்களிடம் வாங்கிய, பிரஷரைக் கூட்டிக் காட்டும் மெஷினைத் திருப்பிக் கொடுத்து, புதிது பெற்றுக்கொள்ளவும்.’ மருந்துக்கடை வாசலில் ஒரு வாரமாக அந்த நோட்டீஸ்.

“அண்ணே, அதைக் கிழிச்சிடுங்க. நாளைக்கு என் சம்சாரம் வருவா. பார்த்தா நான் தொலைஞ்சேன்!” என்றார், அங்கே மெஷின் வாங்கியிருந்த ஒருவர்.

“ஏன் சார்?”

“மெஷின் நூத்தி எழுபது காட்டுறதாலதான் சோபாவுல மகாராசனா கிடக்கேன். பாத்திரம் கழுவ வேணாம். மாமியார்கூட மெதுவாத்தான் பேசுறாங்க.”

“மாத்திரை போடுறீங்களா?”

“பொய் பிரஷருக்கு எதுக்கு? நோட்டீஸைப் பார்த்ததுலேர்ந்து தொட்டிச் செடிக்குத்தான் போடுறேன்.”

கடைக்காரரின் சிரிப்பு நின்றது.

“நோட்டீஸ் ஒட்டின அன்னிக்கே உங்க வீட்டு அக்கா வந்து நல்ல மெஷினா மாத்திக்கிட்டாங்களே! நீங்க பயப்படுவீங்கன்னு சொல்லலையாம்.”

“அப்போ... காலையில காட்டின நூத்தி எழுபது?”

கடைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“செடிக்கு இந்நேரம் பிரஷர் இறங்கியிருக்கும். நீங்க கையை நீட்டுங்க.”