திரும்பி வந்த துரு

"இது என்ன அழகேசா, குங்குமமா?"

கார்க் கதவின் அடி ஓட்டைக்குள் விட்டு எடுத்த விரலை இருளப்பன் எல்லாருக்கும் தூக்கிக் காட்டினார். நுனி செக்கச்செவேலென்று இருந்தது.

"போன வாரம்தான் சுத்தமா எடுத்தேண்ணே," என்றான் அழகேசன்.

"எடுத்தது திரும்பி வந்து உட்கார்ந்திருக்கே. சாப்பிட்டு வந்து மறுபடியும் சுரண்டு."

காருக்கு அடியில் மல்லாந்து கிடந்த மற்ற மூன்று பேரும் சிரித்தார்கள். புருஷன் அழகேசனுக்கு மரவள்ளிக்கிழங்கு கொண்டுவந்த மருதம்மாள் கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டாள். அவன் திட்டு வாங்குவதை அவள் பார்ப்பது இது மூன்றாவது தடவை.

அது ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்தபோது ரப்பர் தோட்டத்துத் துரை விட்டுவிட்டு ஓடிய கார். இப்போது ஜப்பான் அதிகாரிக்கு. கடலோரமாகவே ஓடி, கண்ணுக்கு எட்டாத இடமெல்லாம் துரு. அதை எடுக்கத்தான் பீடோங் பட்டறையிலிருந்து இருளப்பனைப் பிடித்துவந்து, பால்வெட்டுக்காரர்கள் நாலு பேரை அவரிடம் விட்டிருந்தார்கள். தோட்டத்தில் காரைக் காடி என்பார்கள்; இருளப்பன் கை பட்ட காடியில் துரு திரும்பாது என்று குருண் வரைக்கும் பேச்சு.

துரு போய்விட்டால் நாலு பேருக்கும் சயாமில் ரயில் பாதை போடுகிற வேலை. அரிசி உண்டு, துணி உண்டு, மூணு மாசத்தில் திரும்பிவிடலாம். அதிகாரியே சொன்னது. இன்று அவர் காரைப் பார்க்க வருகிறார்.

"எங்க வீட்டுக்காரர் வேலையில குத்தமில்லண்ணே," என்றாள் மருதம்மாள். "பெலிம்பிங் காய் பறிச்சு, புளிப்புச் சாறு புழிஞ்சு குடுத்தவ நானு. விரல் போகாத இடத்துக்குப் பிரம்பு நுனியைத் தட்டி, நார் நாராக்கி, உள்ளே விட்டுத் தேய்ச்சாரு. கழுவிக் காயவெச்சு எண்ணெயும் பூசினாரு. அப்புறமும் எப்படி வரும்?"

"வந்திருக்கே தங்கச்சி. காடியைக் கேளு லா."

மறுபடியும் சிரிப்பு. அழகேசன் தலையைக் குனிந்துகொண்டு கிழங்குச் சட்டியோடு கிணற்றடிக்குப் போனான். மற்றவர்களும் போனார்கள்.

மருதம்மாள் போகவில்லை. கொட்டகைப் பலகை இடுக்கு வழியாகப் பார்த்தாள்.

இருளப்பன் சுற்றுமுற்றும் பார்த்தார். கதவு ஓட்டைக்குள் துணியை விட்டு, பூசிய எண்ணெயைத் துடைத்தார். பிறகு ஒரு தகரக் குவளையில் கோழி இறகை நனைத்து, அதே ஓட்டைக்குள் தடவ ஆரம்பித்தார்.

உள்ளே பாய்ந்து குவளையைப் பிடுங்கினாள். விரலை விட்டு நாக்கில் வைத்தாள்.

"உப்புத் தண்ணி."

இருளப்பன் இறகைக் கீழே போட்டார்.

"நாங்க கஞ்சிக்கு உப்பில்லாமக் கெடக்கோம், நீங்க காடிக்கு ஊட்டுறீங்களா? அவரு பொழைச்சுட்டா உங்களுக்கு என்னண்ணே வயித்தெரிச்சல்? அதிகாரி வரட்டும். இதை அவரு கையிலேயே குடுக்கிறேன்."

"குடு. எங்க வீட்டுப் பங்கு உப்புதான். எம் பொஞ்சாதி ஒரு மாசமா சப்புன்னுதான் ஆக்குறா." அவர் குரலை இறக்கினார். "பாடாங் மேஹா தோட்டத்து முருகையாவைத் தெரியுமா?"

"மொதல்ல சயாமுக்குப் போனவரு."

"தப்பி வந்து ஒளிஞ்சிருக்கான். கூடப் போனது நாப்பது பேரு. காலராவுல விழுந்தவனைப் பொதைக்கக்கூட ஆளில்லையாம். இவன் ஒருத்தன்தான் மிச்சம்."

மருதம்மாள் கிணற்றடிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"துரு இருக்கிற வரைக்கும் இந்த நாலு பேரும் என் ஆளுங்க. ஜப்பான்காரன் தொட மாட்டான். துரு போன மறுநாள் லாரி வரும்."

"இதை அவருகிட்டச் சொல்லக் கூடாதாண்ணே?"

"சொன்னா தேய்க்கிற கை தளரும். பார்க்கிறவன் முட்டாளில்ல. நெஜமாத் தேய்க்கணும், நெஜமாத் திரும்பி வரணும். நான் எடுத்த துரு திரும்பி வருதுன்னு பீடோங்கே சிரிக்குது. சிரிக்கட்டும்."

வெளியே பூட்ஸ் சத்தம் கேட்டது. கிணற்றடியிலிருந்து நாலு பேரும் ஓடிவந்து வரிசையில் நின்றார்கள்.

அதிகாரி நேராகக் கதவடிக்குப் போய் விரலை விட்டார். சிவப்பாக வந்தது.

"சபி," என்றார். ஜப்பான் பாஷையில் துருவுக்கு அதுதான் பேர். தோட்டத்துக் காதுக்கு அது சாபம் கொடுக்கச் சொல்கிற மாதிரி இருக்கும்.

இருளப்பன் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. அவர் அசையவில்லை.

அதிகாரியின் கண் மருதம்மாள் கையிலிருந்த குவளைமேல் போனது. அது என்ன என்று மலாயில் கேட்டார்.

"கஞ்சித் தண்ணி, துவான்."

ஒரே மூச்சில் குடித்தாள். முகம் சுளிக்கவில்லை.

அழகேசனுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "துவான், நான் சுத்தமாத்தான் எடுத்தேன். என் வேலையில குத்தமே இல்ல. துரு எப்படி வருதுன்னு நீங்களே..."

அதிகாரி குனிந்து ஓட்டையை உற்றுப் பார்க்கப் போனார். மருதம்மாள் அதிகாரிக்கும் அழகேசனுக்கும் நடுவில் வந்து நின்றாள். பசாரில் பேசிப் பழகிய மலாயில், ஒவ்வொரு வார்த்தையாக, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"சபி, துவான். இன்னும் நிறைய சபி. இவரு என் வீட்டுக்காரர்தான். துரு எடுக்கவே தெரியாது. இன்னும் ஆறு மாசம் ஆகும்."

கல்யாணப் பந்தலில் மாப்பிள்ளையின் பெருமையைச் சொல்கிறவள் மாதிரி, தலை நிமிர்ந்து சொன்னாள்.