சந்தனமாரியின் குரல்

கடல் ஊருக்குள் ஏறும்போது அபாயச் சங்கு ஊதினாலும் தூத்துக்குடிக் கடைவீதியில் ஒருத்தனும் அசையமாட்டான். பேரம் படியட்டும் என்று நிற்பான். அதனால் புதுச் சங்குக்கு வெங்காயக் கடைச் சந்தனமாரியின் குரலையே பதிவுசெய்து பொருத்தினார்கள். அந்தத் தொண்டைக்குப் போலீஸ்காரரே ஒதுங்கிப் போவார். ஒத்திகைதோறும் சங்குக் கம்பத்திலிருந்து அவள் குரல் அலறியதும் தெரு மேட்டுக்கு ஓடிப் பழகியது.

ஒருநாள் மதியம் கடைக்குள் வெங்காய மூட்டை அடுக்கு சரிந்து, கணவன் தங்கப்பழம் அடியில் சிக்கினான். ஒற்றை ஆளாய் அவளால் ஒரு மூட்டையையும் நகர்த்த முடியவில்லை. வாசலுக்கு ஓடினாள்.

"ஐயோ, யாராவது ஓடியாங்களேன்! எங்க வீட்டுக்காரரைத் தூக்குங்களேன்!"

குரல் விழுந்த கணமே எதிர்க்கடைக்காரர் கல்லாவைக்கூடப் பூட்டாமல் மேட்டைப் பார்த்து ஓட்டமெடுத்தார்.

"அண்ணாச்சி, நான்தான்! சங்கு இல்ல!"

என்ன சொல்கிறாள் என்று நின்று கேட்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. அவள் கத்தக் கத்தத் தெரு இன்னும் வேகமாகக் காலியானது.

உள்ளே திரும்பி, மூட்டையைப் பிடித்து இழுத்தாள். மூச்சுத் திணறிக்கொண்டே தங்கப்பழம் அவள் கையைத் தள்ளிவிட்டான்.

"சங்கு கத்துதே, கேக்கலையாட்டி? கடல் வருது. என்னைய விட்டுட்டு ஓடு."